தொட்டிலில் இறங்கிய டாக்டர்கள்

நாற்காலி மட்டும் இருந்தது. ஆள் இல்லை.

படகுத்துறையின் மரப்பலகைகள் முடிகிற இடத்தில், ஏரியைப் பார்த்தபடி அது நின்றது. வேறு யாருடைய சக்கர நாற்காலியாகவும் இருக்கலாம் என்று, கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கிய சின்னவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லி முடிப்பதற்குள் கைப்பிடியில் சுற்றியிருந்த நீல உறை கண்ணில் பட்டுவிட்டது. தான் வேலை செய்யும் சீருடைத் தையற்கூடத்தில் மிஞ்சிய துணியை எடுத்து வந்து அம்மா தைத்த உறை அது. அந்த உறை போட்ட நாற்காலி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

பெரியவனுடைய வண்டி. அவளுடைய அண்ணன்.

சனிக்கிழமை காலையில் அவன் பிசியோதெரபியில் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறான். இங்கே, ஊரை விட்டு இவ்வளவு தள்ளி, தண்ணீருக்குப் பக்கத்தில் அவனுக்கு என்ன வேலை?

நேற்று வீட்டில் நடந்த சண்டை நினைவுக்கு வந்தது. கழுத்தில் ஓர் அறுவை சிகிச்சை செய்தால் கால்களுக்குக் கொஞ்சம் உயிர் வரலாம் என்று அவளுடைய மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரே சொல்லியிருந்தார். படுக்கை தயார். இன்று மாலைக்குள் சம்மதமா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். அம்மா கெஞ்சினாள். சின்னவள் புத்தகத்தில் படித்ததையெல்லாம் எடுத்து விளக்கினாள். பெரியவன், "எல்லாரும் என்னைக் கொஞ்சம் விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தக் குரல் இப்போது காதுக்குள் கேட்டது. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அண்ணன் வண்டி இங்க ஏரிக்கரையில இருக்கும்மா. அண்ணனைக் காணோம்."

மறுமுனையில் தையல் இயந்திரங்களின் சத்தம். பிறகு நாற்காலி ஏதோ சரிந்து விழுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"போனெல்லாம் இந்த வாளியில போடுங்க! தண்ணியில விழுந்தா எடுத்துக் குடுக்க என்கிட்ட மீன் இல்ல!"

கழுத்தில் விசில் தொங்கவிட்ட ஓர் அம்மாள் வாளியோடு வந்து, சின்னவள் கையிலிருந்த போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். துறையில் எல்லோரும் அவளை விசில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தப் படகுச் சங்கத்தை நடத்துகிறவள்.

"அக்கா, ஒரு நிமிஷம், அந்த வண்டியில இருந்தவரு..."

"என்ன டாக்டரம்மா, முகம் வெளுத்துப்போய்க் கிடக்கு? பேயைப் பார்த்தியா?"

குரல் காலடியிலிருந்து வந்தது. பலகைக்குக் கீழே, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு பாய்மரப் படகில், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தான் பெரியவன்.

உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"இதுதான் உன் பிசியோவா?"

"கைக்கு நல்ல பயிற்சி. பொய்யில்ல."

"எத்தனை மாசமா எங்களை ஏமாத்துற?"

"கத்தாதடி. உங்க காலேஜ் பசங்க வராங்கன்னு கேள்விப்பட்டதும் விசில் அக்காகிட்ட சொல்லி உன்னை என் படகுக்கே வாங்கிட்டேன். மரியாதையா இறங்கு."

கல்லூரி அவர்களை அனுப்பியிருந்த காரணம் இதுதான். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஊனம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள வேண்டுமாம். அதற்குப் பாடத்திட்டத்தில் ஒரு சனிக்கிழமை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு படகில் ஒரு மாணவர், ஒரு மாற்றுத்திறனாளி. மூன்று வருடமாக ஒரே வீட்டில் அண்ணனைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்துப் பழகியவளுக்கு அதைக் கேட்டபோது எரிச்சல்தான் வந்தது. எனக்கா சொல்லித் தருகிறீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேருந்தில் ஏறியிருந்தாள்.

விசில் அக்கா எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினாள்.

"ரெண்டே விஷயம். தண்ணியில இருக்கிறவரைக்கும் யாரையும் 'உங்களுக்கு என்ன ஆச்சு, எப்போ ஆச்சு'ன்னு கேக்கக் கூடாது. படகு ஓட்டத் தேவையானதை மட்டும் கேளுங்க. ரெண்டாவது, இங்க எல்லாரும் தொட்டில்லதான் இறங்கணும்."

தொட்டில் என்று அவள் காட்டியது, துறையின் ஓரத்தில் நட்டிருந்த சிறிய இரும்புத் தூக்கியில் தொங்கிய ஒரு துணிப்பை. கால் நடக்காதவர்களை அதில் உட்காரவைத்து மெதுவாகப் படகுக்குள் இறக்குவார்கள்.

"எங்களுக்குத்தான் கால் இருக்கே?" என்றான் வகுப்பில் எப்போதும் முதல் பெஞ்சில் உட்காரும் கண்ணாடிக்காரன்.

"இருக்கட்டும், தம்பி. வீட்டுக்குப் போகும்போது உதவும். இப்போ பையில உக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பையில் உட்கார்ந்து, பாதம் தரையை விட்டு எழும்பி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் தொங்கியபோது ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. சின்னவளும் தொங்கினாள். யாரோ ஒருவர் கயிற்றை இழுக்க, யாரோ ஒருவர் "கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்ல, தானியமூட்டை மாதிரி இறங்கினாள். வீட்டில் அண்ணனை எத்தனை தடவை இப்படித் தூக்கியிருக்கிறாள்! தொங்குகிறவன் எங்கே பார்ப்பான் என்று ஒருநாளும் அவள் யோசித்ததில்லை. வானத்தைத்தான் பார்க்க முடிகிறது. வேறு எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் கண்ணில் படுகிறார்கள்.

பக்கத்துப் படகில் கண்ணாடிக்காரன் அதற்குள் மறந்துபோய், தன் கூட்டாளியிடம், "எவ்வளவு நாளா இந்தப் பிரச்சனை?" என்று ஆரம்பித்துவிட்டான்.

"எதைக் கேக்குறீங்க?" என்றார் அந்த மனிதர். "கல்யாணத்தைக் கேக்குறீங்களா?"

விசில் ஊதியது. படகுகள் ஒவ்வொன்றாகத் துறையை விட்டு விலகின.

*

தாழ்வான படகு. இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்காரலாம். நடுவில் ஒரு குட்டைச் சுக்கான் பிடி. அதை இந்தப் பக்கம் தள்ளினால் படகு அந்தப் பக்கம் திரும்பும். பாயை இழுக்க ஒரு கயிறு. அடியில் கனமான தகடு இருப்பதால் கவிழாது என்று பெரியவன் சொன்னான். அவன் சொன்னதை அவள் நம்பவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அவன் முகம் அவள் முகத்துக்குப் பக்கத்தில், அதைவிடச் சற்று உயரத்தில் இருந்தது. கட்டடத்தில் மின்கம்பி இழுக்கும் வேலையில் சாரத்திலிருந்து அவன் விழுந்த நாளிலிருந்து, அவள் குனிந்து பேசுவாள், அவன் நிமிர்ந்து பார்ப்பான். அண்ணன் தன்னைவிட உயரம் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

"அதோ வருது பார்," என்றான்.

"எது?"

"காத்து."

தண்ணீரில் தூரத்தில் ஒரு கருமை. சின்னச் சின்னச் சுருக்கங்களாக, யாரோ கண்ணுக்குத் தெரியாத கையால் ஏரியின் மேல் தடவிக்கொண்டு வருவதுபோல அது ஓடி வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகைத் தொட்டது. பாய் 'டப்'பென்று நிறைந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

சின்னவள் என்ன செய்தாள்? கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள். நோயாளி விழப்போனால் முழங்கைக்குக் கீழே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடி. பிடித்தாள். அவள் பிடித்தது சுக்கான் பிடியில் இருந்த கை.

படகு கிறுக்குப் பிடித்தாற்போல் திரும்பியது. பாய் காற்றுக்கு எதிரே போய் படபடவென்று அடித்துக்கொண்டது. கயிறு அவள் முகத்தில் விளாசியது. அள்ளித் தெளித்த மாதிரி தண்ணீர். பிறகு படகு நடு ஏரியில் அசையாமல் நின்று, பின்பக்கமாக மெல்ல நகர ஆரம்பித்தது.

"என் கையை விடுடி, சனியனே!"

"நீ விழப்போனே!"

"நான் எங்கடி விழுந்தேன்? வார் போட்டுக் கட்டியிருக்கு. நீதான் விழப்போனே, என்னைப் புடிச்சுத் தொங்கிட்டிருந்தே!"

அவள் கையை விட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள். திட்டியவன் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நனைந்த இரண்டு கோழிகள் மாதிரி உட்கார்ந்து சிரித்தார்கள்.

"பயப்படாதே. போன வாரம் நான் துறையிலேயே கொண்டுபோய் மோதினேன். போட்டி வெச்சா கடைசியா வர்றது நான்தான். விசில் அக்கா என்னைப் பார்த்தாலே தலையில அடிச்சுக்கும்."

"அப்புறம் எதுக்குடா வர்றே?"

அவன் கயிற்றை எடுத்தான்.

அவன் விரல்கள் மடங்காது. அது அவளுக்குத் தெரியும். கழுத்தெலும்பு முறிந்த அன்றே விரல்கள் போய்விட்டன. மணிக்கட்டு மட்டும் மிஞ்சியது. மருத்துவத்தில் தசை வலிமைக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். அவன் மணிக்கட்டுக்கு மூன்று. ஐந்துக்கு மூன்று என்று அவளே சோதித்துப் பார்த்துப் பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறாள். மூன்று மார்க் கை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று அவள் நினைத்திருந்தாள். அறுவை சிகிச்சையில் அந்த மணிக்கட்டின் பலம் போனாலும் போகலாம் என்று பேராசிரியர் சொன்னபோதுகூட, போகட்டுமே, கால் வந்தால் போதாதா என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

இப்போது அந்தக் கை வேலை செய்தது.

கயிற்றை உள்ளங்கையில் போட்டான். மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கினான். செத்துக் கிடந்த விரல்கள் தாமாகவே சுருண்டு, கயிற்றைக் கவ்வின. மணிக்கட்டைத் தாழ்த்தினான், விரல்கள் விரிந்து கயிற்றை விட்டன. மேலே, கீழே. கவ்வு, விடு. பாய் அதற்கேற்றபடி இறுகியது, தளர்ந்தது. பாடப்புத்தகத்தில் இது ஒரே ஒரு வரி. அந்த வரியை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி அவள் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அந்த வரி இப்போது காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

படகு ஓடத் தொடங்கியது.

என்ஜின் சத்தமில்லை. தள்ளுகிறவர் யாருமில்லை. பலகைக்கு அடியில் தண்ணீர் சலசலவென்று பேசிக்கொண்டு ஓடியது. சாய்ந்த படகின் விளிம்பு ஏரியைத் தொட்டுத் தொட்டுப் போக, அவள் கையை நீட்டினாள். விரல்களுக்கிடையே தண்ணீர் நார் நாராகக் கிழிந்தது. கரை பின்னால் போய்ச் சின்னதாகிவிட்டது. முன்னால் வெளிச்சம் மட்டும். எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கோயில் கதவு திறந்த கணத்தில் நிற்பவள்போல நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருந்தாள்.

சுற்றிலும் மற்ற படகுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு தலை. எது டாக்டர், எது நோயாளி? அவளால் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக்காரனை மட்டும் அடையாளம் தெரிந்தது, அதுவும் அவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால்.

"எதுக்கு வர்றேன்னு கேட்டேல்ல?" என்றான் பெரியவன், பாயைப் பார்த்தபடியே. "இங்க வந்தா என்னை யாரும் தள்ள மாட்டாங்க. நான் போற இடத்துக்கு நான் போறேன். மோதினாலும் நானே மோதுறேன்."

ஆபரேஷன் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்படித்தான் நினைத்தாள்.

*

துறைக்குத் திரும்பியபோது அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

தையற்கூடத்து மேலங்கியோடு, கழுத்தில் அளவு நாடா தொங்க, டாக்சி பிடித்து ஓடி வந்திருந்தாள். காலியான சக்கர நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பக்கத்தில் பேராசிரியர். மாணவர்களைக் கூட்டிவந்தவர் அவர்தான். விசில் அக்கா ஏற்கெனவே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் முகத்தில் பயம் போய், ஆத்திரம் ஏறியிருந்தது.

தொட்டிலிலிருந்து இறங்கிய சின்னவளின் முதுகில்தான் முதல் அடி விழுந்தது.

"எழவுச் செய்தி மாதிரி போன் பண்ணிட்டு அப்புறம் எடுக்க மாட்டியா? வழி முழுக்க என்னென்ன நினைச்சேன் தெரியுமாடி?"

"அம்மா, போனை வாளியில..."

"பேசாதே!" அடுத்து, நாற்காலிக்கு மாறி உட்கார்ந்த மகனிடம் திரும்பினாள். அவனை அடிக்கக் கை வரவில்லை. நனைந்திருந்த தலையை முந்தானையால் துடைத்தாள். "ஏன்டா சாமி, தண்ணியில போய்... உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? திங்கக்கிழமை ஆபரேஷனை வெச்சுக்கிட்டு..."

பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். "நானும் அதைத்தான் கேக்க நினைச்சேன். படுக்கையை வேற ஒருத்தர் கேக்கிறாங்க. இன்னைக்குச் சொல்லிட்டா..." அவர் கேட்டது அம்மாவை. பார்த்தது சின்னவளை. "என்னம்மா, பேஷன்ட் ரெடிதானே?"

சின்னவளுக்கு உடம்பெல்லாம் இன்னும் காற்று ஓடிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் சார்," என்றாள் பளிச்சென்று. "ஆபரேஷன் வேண்டாம். அவன் கையை நான் இன்னைக்குப் பார்த்தேன். அந்தக் கை போகக் கூடாது. அம்மா, நீயும் கேட்டுக்கோ. இவனுக்கு அது தேவையில்ல."

அம்மாவின் முகம் செத்துப்போனது. "நீயா இப்படிச் சொல்றே? நேத்துவரைக்கும் நீதானடி..."

"நேத்து எனக்குத் தெரியல!"

"கொஞ்சம் நிறுத்துறியா?"

பெரியவன் கத்தவில்லை. அதனாலேயே எல்லோரும் திரும்பினார்கள்.

"வேண்டாம்னு நான் எப்போ சொன்னேன்?"

சின்னவள் விழித்தாள். "படகுல... நீதானே..."

"படகுல நான் படகு ஓட்டினேன். நேத்து நீ எனக்குக் கால் வேணும்னு முடிவு பண்ணினே. இன்னைக்குக் கை வேணும்னு முடிவு பண்றே. ஒரு மணி நேரத்துல மாத்திட்டே. நல்லாயிருக்கு. ஆனா ரெண்டு தடவையும் என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அம்மாவின் அடியைவிட இது அவளுக்கு அதிகமாக வலித்தது.

"எனக்கு நடக்க ஆசையில்லன்னு நினைச்சியா? கனவுல தினம் நடக்கிறேன். இந்தக் கையும் வேணும்னு இருக்கு. ரெண்டுல எதை வெச்சு எதைச் சூதாடுறதுன்னு நான்தான் யோசிக்கணும். அதுக்கு இவர்கிட்ட நிறைய கேக்கணும். மூணு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மூணு தடவையும் என் தலைக்கு மேல உங்களோட பேசிட்டு அனுப்பிட்டார்."

பேராசிரியரின் காது சிவந்தது. கோபமா, வெட்கமா என்று சின்னவளால் சொல்ல முடியவில்லை. "சரி, கேளுங்க தம்பி. இப்பவே கேளுங்க."

"இங்க வேண்டாம் சார். இங்க நீங்க நிக்கிறீங்க." பெரியவன் படகைப் பார்த்துத் தலையசைத்தான். "அங்க வாங்க."

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியருக்கு நீச்சல் தெரியாது என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். காலையிலிருந்து அவர் பலகையின் நடுப்பகுதியை விட்டு நகரவே இல்லை.

அவர் ஏரியைப் பார்த்தார். தன் பளபளப்பான ஷூவைப் பார்த்தார். பிறகு குனிந்து அதைக் கழற்ற ஆரம்பித்தார்.

விசில் அக்கா ஒரு மிதவைச் சட்டையை நீட்டினாள். "கண்ணை மூடாதீங்க சார். மூடினா இன்னும் பயமா இருக்கும்."

ஊரே எழுந்து நின்று வணங்கும் மனிதர் துணிப்பையில் உட்கார்ந்து, சாக்ஸ் போட்ட பாதங்கள் ஆட, அந்தரத்தில் தொங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

படகு கிளம்பியது.

அம்மாவும் சின்னவளும் பலகையின் ஓரத்தில் பக்கம் பக்கமாக நின்றார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பாய் நிறைந்தது. படகு சாய்ந்தது. "ஐயோ" என்று அம்மா அடிவயிற்றிலிருந்து கத்தினாள். படகு நிமிர்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளிச்சத்துக்குள் ஓடியது. இரண்டு தலைகள் மட்டும் தெரிந்தன.

"அதுல எதுடி உங்கண்ணன்?"

"தெரியலம்மா."

அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள். "இவ்வளவு வேகமாப் போறானே," என்றாள். அது பயமாகத் தொடங்கி, முடியும்போது வேறு ஏதோவாக மாறியிருந்தது. "யாரும் தள்ளாமயே போறானே!"

"ஆமாம்மா."

"என்ன பேசிக்குவாங்க?"

சின்னவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு பதில் இருக்கும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் ஆயிற்றே, வீட்டில் யார் எதைக் கேட்டாலும் சொல்லிப் பழகியவள். இப்போது அவளுக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாமல் நிற்பது இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கும் என்றும் அவளுக்குத் தெரியாது.

படகு திரும்பி வர நேரமாயிற்று. முதலில் பேராசிரியரைத் தூக்கினார்கள். சட்டை நனைந்து, முடி கலைந்து, பலகையில் கால் பட்டதும் கொஞ்சம் தடுமாறினார். சின்னவள் பிடிக்கப் போனாள். "பிடிச்சுக்கட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டுப் பிடித்தாள்.

"சார், என்ன சொன்னான்?" அம்மா நெருங்கினாள்.

பேராசிரியர் தலையை ஆட்டினார். "அதை அவர்தான் சொல்லணும்மா."

அவர். சற்று முன்பு பேஷன்ட்டாக இருந்தவன்.

அடுத்து தொட்டில் பெரியவனைத் தூக்கியது. அவன் வானத்தைப் பார்க்கவில்லை. தொங்கியபடியே அம்மாவை நேராகப் பார்த்தான். அம்மா ஓடிப்போய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவாள் என்று சின்னவள் நினைத்தாள். அம்மா அசையவில்லை. கைகள் இரண்டையும் மடித்துக் கட்டிக்கொண்டு, அவன் வாய் திறக்கட்டும் என்று காத்து நின்றாள்.

"முடிவு பண்ணிட்டேன்," என்றான் பெரியவன் அந்தரத்திலிருந்து. "மொதல்ல இறக்குங்க. உக்காந்து சொல்றேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் நடுவுல பேசக் கூடாது."

அம்மா தலையாட்டினாள். சின்னவளும் தலையாட்டினாள்.

விசில் அக்கா கயிற்றை மெதுவாக விட்டாள்.